சின்னப் பிள்ளைகளின் பள்ளி வருகை: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தே பல வருஷங்களை ஓட்டிவிட்டேன். காலையில் பள்ளி வாசலில், பெற்றோர் கூட்டத்தில், சில நேரம் இரவு பத்து மணிக்குப் போனில் என்று ஒரே சந்தேகங்கள் வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

ஒண்ணாங்கிளாஸ்தானே டீச்சர், ஒரு நாள் விட்டா குடியா முழுகிடும்?

ஒரு நாளில் குடி முழுகாது. ஆனால் சின்ன வகுப்புப் பாடம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்பது. திங்கட்கிழமை ஒற்றைக்கொம்பு சொல்லிக் கொடுக்கிறேன் என்று வையுங்கள். செவ்வாய்க்கிழமை இரட்டைக்கொம்பு. புதன்கிழமை கொம்போடு துணைக்காலைச் சேர்த்து ‘கொ’, ‘கோ’. திங்கட்கிழமை வராத பிள்ளை செவ்வாய்க்கிழமை எப்படியோ சமாளித்துவிடும். புதன்கிழமை ‘கொ’ எழுதிய அட்டையைக் காட்டினால் நடுவில் இருக்கும் ‘க’வை மட்டும் வாசித்துவிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறவர்கள் யார் என்பது போல என் முகத்தைப் பார்க்கும்.

பெரிய வகுப்பில் ஒரு பாடம் போனால் அந்தப் பாடத்தை உட்கார்ந்து வாசித்துக்கொள்ளலாம். இங்கே வாசிக்கக் கற்பதே பாடம். அதைத் தானாக வாசித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. பெரிய வகுப்பு லீவைவிடச் சின்ன வகுப்பு லீவை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

சரி, எத்தனை நாள் லீவு போட்டா அதிகம்னு சொல்வீங்க?

கல்வித்துறையினர் பல நாடுகளில் பயன்படுத்தும் அளவுகோல் 10 சதவீதம். பள்ளி நடக்கும் நாட்களில் பத்தில் ஒரு பங்கு வராமல் போனால் அதைக் கவலைப்பட வேண்டிய நிலை என்று வைத்திருக்கிறார்கள். உடம்பு சரியில்லாத லீவு, ஊருக்குப் போன லீவு, சும்மா போட்ட லீவு எல்லாம் இதில் சேர்த்தி. காரணம் எதுவானாலும் பாடம் போனது போனதுதான்.

வருஷத்துக்கு 200 பள்ளி நாட்கள் என்றால் பத்தில் ஒரு பங்கு 20 நாள். 20 என்றதும் ‘அவ்வளவெல்லாம் போட மாட்டோம்’ என்பார்கள். பத்து மாதத்துக்குப் பிரித்துப் பாருங்கள், மாதம் இரண்டே நாள். இந்த மாதம் ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம். அடுத்த மாதம் ஒரு சளி, ஒரு ‘நேற்று ராத்திரி வர லேட்டாகிவிட்டது’. முடிந்தது கணக்கு.

அதற்காக 19 நாள் வரை பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் மாணவர்களின் வருகைப் பதிவையும் தேர்வு முடிவுகளையும் ஒப்பிட்டு 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இத்தனை நாள் வரை பாதிப்பில்லை என்று கோடு போடும்படியான எல்லை எதுவும் அதில் தென்படவில்லை. இப்படிப்பட்ட ஒப்பீட்டில், லீவினால்தான் மதிப்பெண் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. நிறைய லீவு போடும் வீடுகளில் வேறு கஷ்டங்களும் இருக்கும்.

என் பொண்ணு அதிகமா லீவு போட்ட மாதிரியே தெரியலையே?

யாருக்குமே தெரியாது. ஒரு அம்மா என்னிடம், “இந்த வருஷம் மிஞ்சிப் போனால் நாலு நாள்” என்றார். பொய் சொல்லவில்லை, மனசார நம்பினார். வருகைப் பதிவேட்டைத் திருப்பி இருவரும் சேர்ந்து எண்ணினோம். பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது, எல்லாமே நியாயமான காரணம். தனித்தனியாகப் போட்ட லீவு தனித்தனியாகவே மறந்துபோகிறது.

இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அடிக்கடி லீவு போடும் பிள்ளைகளின் வீடுகளுக்கு, ‘உங்கள் பிள்ளை இதுவரை இத்தனை நாள் வரவில்லை’ என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லிக் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், கடிதம் போன வீடுகளில் மிதமிஞ்சி லீவு போடுவோர் எண்ணிக்கை 10 சதவீத அளவுக்குக் குறைந்தது. திட்டவில்லை, அபராதம் போடவில்லை, எண்ணிச் சொன்னார்கள், அவ்வளவுதான். வீட்டுக் காலண்டரில் லீவு போட்ட நாளைச் சுழித்து வையுங்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

பத்து நிமிஷம் லேட்டா வர்றதெல்லாம் ஒரு விஷயமா? முதல் பத்து நிமிஷத்துல என்ன பெருசா நடத்திடப் போறீங்க?

எனக்குப் பிடித்த கேள்வி. முதல் பத்து நிமிஷத்தில் பாடம் நடப்பதில்லை என்பது சரிதான். நடப்பது வேறு. பையை மாட்டுவார்கள், நேற்று விழுந்த பல்லின் ஓட்டையைக் காட்டுவார்கள், இன்றைக்கு யார் யார் சேர்ந்து விளையாடுவது என்று பேசி முடித்துவிடுவார்கள். அப்புறம் நான் அன்றைக்குச் செய்யப்போகிற வேலைகளைப் பலகையில் நாலு வரி எழுதி, கையால் காட்டிக் காட்டிச் சொல்லுவேன். நாள் முழுக்க அவர்கள் பிடித்துக்கொண்டு நடப்பது அந்த நாலு வரியைத்தான்.

ஒரு பையன் இருந்தான். வாரத்தில் மூன்று நாள் பத்து, பதினைந்து நிமிஷம் தாமதம். வந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். உள்ளே வா என்றாலும் உடனே கால் நகராது, ஏனென்றால் முப்பது தலை ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பியிருக்கும். இடத்தில் உட்கார்ந்ததும் எந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்ப்பான். காப்பியடிக்கிறான் என்று நினைத்து அவள் கையால் மறைப்பாள். நான் போய் அவனுக்கு மறுபடி எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அந்த வரிசையில் வேறு இரண்டு பேர் பேச ஆரம்பித்திருப்பார்கள். ஆக, பத்து நிமிஷம் பதினைந்தாகும். அவனுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும்.

கணக்காகவும் பார்க்கலாம். தினம் 10 நிமிஷம், 200 நாளுக்கு 2,000 நிமிஷம், அதாவது 33 மணி நேரத்துக்கு மேல். ஒரு நாளில் பாடம் நடப்பது ஐந்து மணி நேரம் என்றால் ஆறரை நாள் லீவு போட்டதற்குச் சமம். பதிவேட்டில் அந்த ஆறரை நாளும் ‘வந்தான்’ என்றே இருக்கும்.

ஏற்கெனவே லேட்டாயிடுச்சு. திட்டு வாங்குறதுக்கு இன்னிக்கு அனுப்பாமலே இருந்துடலாமா?

வேண்டாம். அனுப்புங்கள். பாதி நாள் வந்தாலும் வராததைவிட மேல்.

இதில் பள்ளிகள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. வாசலைப் பூட்டிவிடுவது, தாமதமாக வந்த பிள்ளையை வெளியே நிற்க வைப்பது போன்ற வழக்கங்கள் தாமதத்தைக் குறைப்பதில்லை, அதை லீவாக மாற்றுகின்றன. ஆறு வயசுப் பிள்ளை பள்ளிக்குத் தானாகப் புறப்பட்டு வருவதில்லை. கூட்டிக்கொண்டு வருவது பெரியவர்கள். அவர்கள் தாமதத்துக்கு அது வெயிலில் நிற்க வேண்டுமா?

லீவு போட்டா ஃப்ரெண்டுகிட்ட நோட்டு வாங்கி எழுத வெச்சுடறோமே, அது போதாதா?

நோட்டில் இருப்பது வகுப்பில் நடந்ததில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. கழித்தலில் கடன் வாங்குவதைக் குச்சிக்கட்டை அவிழ்த்துக் காட்டித்தான் சொல்லிக் கொடுக்கிறோம். பத்துக் குச்சிகளைக் கட்டிய ரப்பர் பேண்டை அவர்களே அவிழ்த்து, ஒன்றாம் இடத்தில் கொட்டி எண்ணுவார்கள். நோட்டில் இருப்பது அடித்த ஒரு 5, அதன் மேல் ஒரு 4. அதைப் பார்த்து எழுதினால் கை வலிக்கும், வேறொன்றும் வராது.

பக்கம் பக்கமாக எழுத வைப்பதற்குப் பதில் மறுநாள் டீச்சரிடம், “நேற்று புதிதாக என்ன ஆரம்பித்தீர்கள்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதை மட்டும் வீட்டில் பத்து நிமிஷம் செய்து பாருங்கள்.

காலையில எழுப்புறதே பெரிய போராட்டம். எப்படித்தான் நேரத்துக்கு அனுப்புறது?

காலைப் போராட்டம் முந்தைய இரவே தொடங்கிவிடுகிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 3 முதல் 5 வயசுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், 6 முதல் 12 வயசுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். காலை ஆறரைக்கு எழ வேண்டிய ஆறு வயசுப் பிள்ளை, பத்து மணி நேரம் தூங்க வேண்டுமானால் எட்டரைக்குக் கண் அசந்திருக்க வேண்டும். பெரியவர்கள் பதினொரு மணி வரை விளக்கெரித்து டி.வி. பார்க்கும் வீட்டில் இது நடக்காது. இதைச் சொன்னால் முகம் சுருங்குகிறது, இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, தேடல். காலையில் நேரம் போவது குளிப்பதிலோ சாப்பிடுவதிலோ அதிகம் இல்லை. ஒற்றைச் சாக்ஸைத் தேடுவதிலும், கையெழுத்துப் போடாத டைரியிலும்தான் போகிறது. பை, உடை, ஷூ மூன்றையும் ராத்திரியே ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள். எடுத்து வைக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். நாலு நாள் சொதப்பும், ஐந்தாம் நாள் உங்களுக்கே ஞாபகப்படுத்தும்.

வயிறு வலிக்குதுன்னு தினமும் சொல்றா. நிஜமா, நடிப்பா?

பெரும்பாலும் நிஜம்தான், காரணம் வயிற்றில் இல்லாமல் இருக்கலாம். பயமும் பதற்றமும் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றில்தான் தெரியும். ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்று சொல்லத் தெரியாத வயசு, ‘வயிறு வலிக்குது’ என்று சொல்லத் தெரிந்த வயசு.

எப்போது வலிக்கிறது என்று பாருங்கள். சனி, ஞாயிறு வலிப்பதில்லை, பள்ளிக்கு நேரம் தாண்டியதும் போய்விடுகிறது என்றால் பள்ளியில் ஏதோ இருக்கிறது. நடுராத்திரியில் எழுப்பும் வலி, காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்து வருவது, எடை குறைவது என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். சந்தேகமாக இருந்தாலும் ஒரு முறை காட்டிவிடுவதே நல்லது. அப்புறம் நிம்மதியாகப் பள்ளிப் பக்கம் விசாரிக்கலாம்.

சளி, காய்ச்சல்னா எப்ப அனுப்பலாம், எப்ப அனுப்பக் கூடாது?

லேசான சளி, மூக்கொழுகல், ஆனால் ஓடியாடிக்கொண்டு இருக்கிறாள் என்றால் அனுப்பலாம். காய்ச்சல் என்றால் வீட்டில்தான். காய்ச்சல் மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புங்கள். காலையில் மருந்து கொடுத்து உடம்பு குளிர்ந்ததும் அனுப்பினால், மதியம் எங்கள் மேசையில் தலை சாய்த்துப் படுத்திருப்பாள், உங்களுக்குப் போன் வரும். வாந்தி, பேதி நின்று 48 மணி நேரம் ஆகட்டும். சின்னம்மை என்றால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்கு கட்டும் வரை, பெரும்பாலும் ஐந்து நாளாவது ஆகும். தட்டம்மைக்குத் தடிப்பு தோன்றிய நாளிலிருந்து நாலு நாள்.

தலையில் பேன் இருப்பதற்காக லீவு தேவையில்லை. சிகிச்சையைத் தொடங்கிவிட்டு அனுப்பலாம். இதற்காக ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

வாசல்ல விடும்போது கதறி அழறான். விட்டுட்டு வர மனசே வரமாட்டேங்குது.

எங்களுக்கும் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். பிரியும்போது அழுவது இந்த வயசுக்கு இயல்பு, நீங்கள் தப்பாக வளர்த்ததன் அடையாளம் இல்லை. விடைபெறுவதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டிப்பிடித்து, எப்போது வருவீர்கள் என்பதை அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லி (‘மூன்றரைக்கு’ வேண்டாம், ‘கடைசி மணி அடிச்சதும்’), கிளம்பிவிடுங்கள். சொல்லாமல் நழுவுவதுதான் மோசம். அடுத்த நாள் உங்கள் கையை அவன் விடவே மாட்டான்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள். உங்களைக் கண்டால் அடங்கிய அழுகை முதலிலிருந்து ஆரம்பிக்கும். அரை மணி நேரம் கழித்துப் போன் செய்து விசாரியுங்கள். பெரும்பாலான நாட்களில், “எப்பவோ நிறுத்திட்டான், பொம்மை அடுக்கிட்டு இருக்கான்” என்றுதான் நான் சொல்லியிருக்கிறேன். அழுதான் என்று நாலாம் நாள் வீட்டில் வைத்துக்கொண்டால் முதல் மூன்று நாள் பட்ட பாடெல்லாம் வீண்.

ஒரு வாரமா போகவே மாட்டேங்கிறான். அடிச்சுக்கூடப் பார்த்தாச்சு. என்ன செய்யறது?

அடி வேண்டாம். வாசல் அழுகையும் இதுவும் ஒன்றில்லை. இங்கே ஏதோ ஒன்று அவனைத் தடுக்கிறது. ‘ஏன் போக மாட்டே?’ என்று கேட்டால் பதில் வராது. நாளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேளுங்கள். வண்டியில் யார் பக்கத்தில் உட்காருவார்கள், சாப்பிடும்போது யார் கூட இருப்பார்கள், பாத்ரூமுக்கு எப்போது போவாய் என்று. ஒரு குழந்தை இரண்டு வாரம் அடம் பிடித்ததற்குக் காரணம், பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள் ஒரு நாள் சிக்கிக்கொண்டது என்று கடைசியில் தெரிந்தது. தாழ்ப்பாளைச் சரிசெய்தோம். மறுநாளே ஓடிவந்தாள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் மூன்று நாள் ஆனது. யாராவது அடிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள் என்று தெரிந்தால் முதலில் பள்ளி அதை நிறுத்த வேண்டும், அப்புறம்தான் மற்றது.

காரணம் தேடும் நாட்களிலும் வருகையை அடியோடு விட்டுவிடாதீர்கள். வீட்டில் இருந்தால் பயம் உடனே தணிகிறது. அந்த நிம்மதியே ‘போகாமல் இருப்பதுதான் வழி’ என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு நாளும் திரும்புவது இன்னும் கடினமாகும். முதலில் ஒரு மணி நேரம், அப்புறம் பாதி நாள் என்று டீச்சரோடு பேசி ஏற்பாடு செய்யலாம். வீட்டில் இருக்கும் நேரத்தில் டி.வி., போன் வேண்டாம். இரண்டு வாரம் முயன்றும் நகரவில்லை என்றால் குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அவன் லீவு போட்டாலும் முதல் மார்க்தான் வாங்குறான். அவனுக்கு எதுக்கு இந்தக் கண்டிப்பு?

நியாயமான கேள்வி. மார்க்கை வைத்துப் பார்த்தால் என்னிடம் நல்ல பதில் இல்லை, வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளிருந்தால் அவன் பிழைத்துக்கொள்வான். ஆனால் வகுப்பு மார்க்குக்காக மட்டும் நடப்பதில்லை. தன் முறை வரும் வரை காத்திருப்பது, தோற்றுப்போய் மறுபடி ஆடுவது, நேற்று சண்டை போட்டவனிடம் இன்றைக்கு ரப்பர் கேட்பது எல்லாம் தினம் தினம் வந்தால்தான் வரும். கெட்டிக்காரப் பிள்ளைகளில் சிலருக்கு இதுதான் குறைவு என்பது என் அனுபவம்.

அடிக்கடி வராத பிள்ளையை விளையாட்டில் சேர்த்துக்கொள்ள மற்றவர்கள் மறந்துவிடுகிறார்கள். வன்மம் ஒன்றும் இல்லை, ஆட்டத்தில் அவன் வேஷத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள்கூட லீவு போடலைன்னா பரிசு தர்றேன்னு சொல்லலாமா?

நான் சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளையின் வருகை அதன் கையில் இல்லை என்று மேலே சொன்னேன். காய்ச்சல் வந்ததற்காகப் பரிசை இழப்பது அநியாயம். காய்ச்சலோடு வந்து பரிசு வாங்குவது அதைவிட மோசம். அமெரிக்காவில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை சுமார் 15,000 மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தபோது, முன்பு ஒரு மாதம் முழுசாக வந்ததற்காக விருது பெற்றவர்கள், அதே மாதிரி வந்தும் விருது பெறாதவர்களைவிட அடுத்த மாதம் அதிகமாக லீவு போட்டார்கள். எதிர்பார்ப்பதைவிட அதிகம் செய்துவிட்டோம் போல என்று நினைத்துவிட்டார்களாம்.

லீவு லெட்டர்ல உண்மைக் காரணத்தை எழுதணுமா? ஊருக்குப் போனதை ‘காய்ச்சல்’னு எழுதினா என்ன?

உண்மையையே எழுதுங்கள். பயணம் என்றால் பயணம் என்று முன்கூட்டியே சொன்னால், அந்த நாட்களில் புதிதாக என்ன ஆரம்பிக்கப்போகிறேன் என்று சொல்லி அனுப்ப முடியும். நான் கோபித்துக்கொள்வேனோ என்ற பயம்தான் பலருக்கு. கொஞ்சம் கோபித்துக்கொள்வேன், அப்புறம் சொல்லித்தருவேன். பொய்க் காய்ச்சல்களை நம்பிக்கொண்டிருந்தால் நிஜமாகவே அடிக்கடி காய்ச்சல் வரும் பிள்ளை எது என்பது எனக்குத் தெரியாமல் போய்விடும்.

வேறொரு சிக்கலும் உண்டு. வருஷத்தின் பாதி தாண்டிவிட்டால் லெட்டரைக் கொண்டுவருகிறவருக்கே வாசிக்க வந்துவிடும். ஒரு பெண் என் மேசை அருகில் நின்று, தன் லீவு லெட்டரை என்னிடம் நீட்டும் முன் எழுத்துக் கூட்டி வாசித்தாள். கா, ய், ச், ச, ல். கால், புள்ளி எல்லாம் சரியாக வந்தது. நிமிர்ந்து பார்த்து, “எனக்கு எப்ப டீச்சர் காய்ச்சல் வந்துச்சு?” என்றாள்.